ஏரிக்கொட்டாய் எண்கள்

நான் வேலையை விட்டு வந்த அன்று, கேக் வெட்டிய கையைத் துடைப்பதற்குள் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "மேடம், இத்தனை வருஷத்துல நீங்க அதிகமா யூஸ் பண்ணின ஷார்ட்கட் எது?" எல்லோரும் சிரித்தீர்கள். வாயில் கேக் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பேருந்தில் ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வீடு வரை வந்துவிட்டது. விருப்ப ஓய்வு வாங்கியவளுக்குப் பகல் மிக நீளம். அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். நடந்தபடி யோசித்ததைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். மழை வாசனை கண்ட எறும்பு வரிசை போல ஓடும். நகலெடு, ஒட்டு, சேமி, அடுத்தது. கண் திரையில் இருக்காது. பக்கத்தில் இருப்பவரோடு நேற்றைய கிரிக்கெட்டைப் பேசிக்கொண்டிருப்பீர்கள், கை தன் பாட்டுக்கு வேலையை முடித்துவிடும். அந்த வேகத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதுதான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் இப்படி மிச்சம் பிடித்த நேரமெல்லாம் எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு ஓர் ஊர் நினைவுக்கு வரும். பாப்பாரப்பட்டி தாண்டி, பாறை மேட்டில், காற்று மட்டும் தாராளமாக வீசும் சின்ன ஊர். மேட்டுக்கொட்டாய்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள். தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாவு மில், அதன் மாடியில் எங்கள் அறை. இரண்டு கம்ப்யூட்டர், கத்திக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், ஒரு மேசை விசிறி. கீழே கேழ்வரகு அரைபடும், மேலே நாங்கள் எழுத்து அரைப்போம். மாலையில் படியிறங்கும்போது இரண்டு மாடிக்காரர்கள் தலையிலும் ஒரே மாவு. முதலாளி பெங்களூரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்து ஊரில் தொழில் தொடங்கியவர். நாங்கள் சார் என்போம். பெரும்பாலான அலுவலகங்களுக்குள் கம்ப்யூட்டர் நுழையாத காலம் அது. தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள், நாங்கள் அடித்து அச்செடுத்துத் திருப்பித் தருவோம்.

எனக்குப் பக்கத்து மெஷினில் ஸ்டெல்லா. கடத்தூர்ப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலக்கடலைக் காடு, அண்ணன் ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத குடும்பம். தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள். வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். எங்கள் மாவட்டத்தில் ஒருவர் சிரித்தால் அவர் குடித்து வளர்ந்த கிணறு தெரிந்துவிடும். பல்லில் காவி ஏறியிருந்தால் அந்தக் கிணற்றில் ப்ளோரைடு. சில ஊர்களில் அது பல்லோடு நிற்கும். சில ஊர்களில் முட்டிக்கு இறங்கி எலும்பை வளைக்கும்.

மௌஸ் என்ற ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, எதைச் செய்வதானாலும் விசைகளால்தான். வேர்ட்ஸ்டார் என்ற எழுத்து மென்பொருளில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கே, பிறகு எஸ். அதுவரை அடித்தது பிளாப்பித் தட்டில் பதிவாகிவிடும். அதை நாங்கள் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து அல்ல, விசிறியிலிருந்து. கீழே மில்லின் மோட்டார் கிளம்பினால் மேலே கரண்ட் இறங்கும். முதலில் விசிறி சோர்ந்து சுற்றும். சில நாள் அதோடு மீண்டுவிடும், சில நாள் எல்லாமே அணைந்துவிடும். விசிறி சோர்வதற்கும் திரை அணைவதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். அந்த ஒரு மூச்சுதான் எங்களுடையது.

"விசிறி இறங்கிச்சுன்னா யோசிக்காதீங்க" என்பார் சார். "கை போகணும். கண்ட்ரோல் கே எஸ். யோசனையெல்லாம் அப்புறம்."

ஒரு திங்கட்கிழமை ஸ்டெல்லா சொன்னாள்: "சார், நேத்து பூசைல பேன் நின்னுபோச்சு. சாமியார் பிரசங்கம் பண்றாரு, என் சுண்டு விரல் பெஞ்சுல கண்ட்ரோலத் தேடுது."

"பிரசங்கத்த சேவ் பண்ணிட்டியா இல்லியா?"

"அது ரொம்பப் பெரிசுங்க சார். ஒரு பிளாப்பி பத்தாது."

அந்த அறையில் நாங்கள் நிறையச் சிரித்தோம். இதையும் எழுதாவிட்டால் உங்களுக்கு அந்த அறை தெரியாது.

அந்தக் கோடையில் ஒரு பெரிய வேலை வந்தது. ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் ஒன்று. எந்தெந்த ஊருக்கு முதலில் குழாய் என்று முடிவு செய்ய ஊர் ஊராகப் போய்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்திருந்தார்கள். ஊருக்கு ஒரு தாள். ஊர்ப் பெயர், ஒன்றியம், கிணற்றின் ஆழம், தண்ணீர் எடுத்த மாதம், பிறகு உப்பு, சுண்ணாம்பு, ப்ளோரைடு என்று வரிசையாக எண்கள். ப்ளோரைடு ஓர் எல்லைக்கு மேல் போனால் அந்த ஊர் பட்டியலில் ஏறும். தாண்டாத ஊர் காத்திருக்கும்.

ஸ்டெல்லா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வோர் ஊருக்கும் தலைப்புகளைப் புதிதாக அடிப்பதற்குப் பதில், முடித்த ஊரின் முழுப் பகுதியையும் எண்களோடு குறித்து, கண்ட்ரோல் கே சி அடித்துக் கீழே நகல் எடுத்துவிடுவது. பிறகு ஊர்ப் பெயரை மாற்றுவது, மாறுகிற எண்களை மட்டும் மேலே அடிப்பது. ஒன்றியம் மாறாது, மாதம் மாறாது, ஆழம்கூடப் பல ஊர்களில் ஒன்றுதான். வேலை பாதியாகக் குறைந்தது. சார் அவளுக்கு டீயோடு வடையும் வாங்கிக்கொடுத்தார். நானும் அன்றைக்கே அந்த முறைக்கு மாறினேன்.

அதற்கு முன் ஒரு வழக்கம் இருந்தது. அடித்து முடித்ததும் ஒருத்தி தாளை வாசிப்பாள், மற்றவள் திரையைப் பார்த்துச் சரிபார்ப்பாள். புதிய முறையில் தலைப்புகளில் தப்பு வர வழியே இல்லை என்று ஆனதும் சார் அதை நிறுத்தினார். "இனி எதுக்கு வெட்டியா வாசிச்சுக்கிட்டு" என்றார். எங்களுக்கும் தொண்டை மிச்சம். அப்படியாக அந்த மாதம் நாங்கள் இரண்டு தடவை நேரம் மிச்சம் பிடித்தோம்.

இனி நடந்ததை நாங்கள் பின்னால்தான் கூட்டிப் பார்த்தோம். வேறு எப்படியும் நடந்திருக்க முடியாது.

அன்று சந்தை நாள். மில்லில் கூட்டம், மோட்டார் நின்று நின்று கிளம்பியது. ஸ்டெல்லா ஏரிக்கொட்டாயை முடித்தாள். அது ஏரிக்குக் கீழே இருக்கும் ஊர், இனிக்கிற கிணறு, ப்ளோரைடு எல்லைக்கு வெகு கீழே. அந்தப் பகுதியை நகல் எடுத்தாள். கீழே விழுந்த நகலில் ஏரிக்கொட்டாய் என்ற பெயரை அழித்து மேட்டுக்கொட்டாய் என்று அடித்தாள். எண்களுக்குக் கை போவதற்குள் விசிறி சோர்ந்தது. கை யோசிக்கவில்லை. கண்ட்ரோல் கே எஸ். பிளாப்பியின் சிவப்பு விளக்கு எரிந்து முடிந்தது, அறையும் அணைந்தது.

கரண்ட் வர மத்தியானம் தாண்டிவிட்டது. நாங்கள் மில் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அரைக்க வந்த அம்மாக்களோடு வம்பளந்தோம். மேலே வந்து ஸ்டெல்லா கோப்பைத் திறந்து கடைசிக்குப் போனாள். மேட்டுக்கொட்டாய் என்று இருந்தது. கீழே எல்லாக் கட்டத்திலும் எண்கள் இருந்தன. காலியாக ஒரு கட்டம் இருந்திருந்தாலும் அவள் நின்றிருப்பாள். முடிந்தது என்று தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஊரை எடுத்தாள்.

விசிறிக்குப் பயந்து பதிவு செய்வது நல்ல பழக்கம். நகல் எடுத்துத் திருத்துவதும் நல்ல பழக்கம்தான். இரண்டும் ஒரே மத்தியானத்தில் சந்தித்துக்கொண்டன. என் மெஷினிலும் அது நடந்திருக்கலாம். அன்று அவள் மெஷினில் நடந்தது.

சில மாதம் கழித்து ஒரு காலையில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நின்று நின்று ஏறுகிற சத்தம். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், வெயிலில் காய்ந்த உடம்பு, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. இடுப்பில் வைத்துத் தூக்கும் வயதைத் தாண்டிய குழந்தை. கால்கள் வில்லாகி வெளிப்பக்கம் வளைந்து அவர் இடுப்பை வளைத்துப் பிடித்திருந்தன. கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

"கும்புடறங்க. தண்ணி பொட்டி இருக்கறது இங்கதானுங்களா?"

"என்ன பொட்டிங்க?" என்றார் சார்.

"எம் பேரு மாதையன்ங்க. மேட்டுக்கொட்டாய். எங்க ஊருக்குக் கொழா இல்லீன்னுட்டாங்க. ஏனுங்கன்னு ஆபீஸ்ல போயிக் கேட்டங்க. உங்க தண்ணி நல்ல தண்ணி, கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. சரி, அதையே பார்த்து ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தங்க."

சாருக்குச் சிரிப்பு வந்தது. குழந்தையைப் பார்த்ததும் அது நின்றது.

"பாப்பா பேரென்ன?" என்று நான் கேட்டேன்.

"செல்வி" என்று குழந்தையே சொன்னாள். பிறகு திரையைக் காட்டி, "இதுங்களாப்பா? இதுக்கு வாயி எங்க?" என்றாள்.

"இருடா. அக்கா கேட்டுச் சொல்லுவாங்க."

ஸ்டெல்லா பிளாப்பியைத் தேடிப் போட்டாள். கோப்பைத் திறந்து ஊரைக் கண்டுபிடித்தாள். திரையில் மேலே ஏரிக்கொட்டாய், கீழே மேட்டுக்கொட்டாய். இரண்டு ஊரும் ஒரே திரையில் அடங்கின. எண்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, கண்ணாடியில் பார்ப்பது போல ஒரே மாதிரி இருந்தன. கடைசிப் புள்ளிவரை. இரண்டு கிணறு ஒருநாளும் அப்படி ஒத்துப்போகாது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அது வெளுத்துப்போயிருந்தது.

"என்னம்மா சொல்லுது?" என்றார் மாதையன்.

"தப்பா சொல்லுதுங்க." திரையிலிருந்து கண்ணை எடுத்து, "தப்பு அதோடது இல்லீங்க. நானு அடிச்சது" என்றாள்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதி. குழந்தையை மேசை மேல் உட்கார வைத்தார். "அப்ப எங்க தண்ணி கெட்ட தண்ணிதானுங்களே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "ஊர்ல என்னக் கிறுக்கன்னுட்டாங்கம்மா. கவர்மெண்டே நல்லதுங்குது, உனக்கென்னடா வந்துச்சு, உன் புள்ளைக்குச் சாமி குத்தம்னாங்க. எங்க வூட்ல அவளும் அதையே நம்பிட்டா. கெட்ட தண்ணிதானுங்களே? அப்ப மாத்திப் போட்டுடுங்கம்மா."

மாற்றலாம். ஆனால் எதை என்று மாற்றுவது? சரியான எண் தாளில் இருந்தது. தாள்களை அலுவலகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சார் கீழே இறங்கி மில் போனில் பேசிவிட்டு வந்தார். படியேறி வந்த விதத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. அதுதான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே என்று தாள்களையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்கள்.

"ஆனா ஒண்ணு" என்றார் சார். "பட்டியல் இன்னிக்குச் சாயந்தரம் மெட்ராஸ் போகுது. அதுக்குள்ள திருத்தின பக்கம் கொண்டுவந்தா, பழச எடுத்துட்டுப் புதுச வெச்சுக்கறங்கறார் அந்த அதிகாரி. நல்ல மனுஷன்." குரலைத் தாழ்த்தினார். "கரட்டுக்கொட்டாய் நம்பரப் போடு ஸ்டெல்லா. பக்கத்து ஊரு. ஒரே பாறை, ஒரே தண்ணி. கண்ட்ரோல் கே சி. முடிஞ்சது."

கரட்டுக்கொட்டாய் எல்லையை நன்றாகத் தாண்டிய ஊர். அதற்குக் குழாய் உறுதி.

"அது கரட்டுக்கொட்டாய் தண்ணிங்க சார். இவருது இல்ல."

"தெரியும். இவருக்கும் ப்ளோரைடுதான், அந்தக் கால்ல எழுதியிருக்கே, கண்ணு இல்லியா உனக்கு?"

"எவ்வளவுன்னு எழுதலீங்களே."

நானும் பேசினேன். "போடு ஸ்டெல்லா. யாருக்கு நஷ்டம்? கொழந்தயப் பாரு."

"பார்த்துட்டுத்தான் இருக்கறேன்" என்றாள் என்னிடம். "மறுபடியும் அடுத்த ஊரு நம்பரத்தான் இவரு தலையில கட்டச் சொல்றீங்க ரெண்டு பேரும்."

"இந்தத் தடவ நல்லதுக்கு" என்றார் சார்.

"போன தடவயும் நான் கெட்டதுக்குப் பண்ணலீங்களே சார்."

சார் கடைசியாக ஒன்றை மட்டும் சொன்னார், கெஞ்சுகிற மாதிரி: "வெறுங்கட்டமா விட்டா பட்டியல்லயே வராதும்மா."

அவள் மேட்டுக்கொட்டாயின் எண்களை ஒவ்வொன்றாக அழித்தாள். பச்சை எழுத்துக்கள் அணைய அணைய அந்த இடம் கிணறு போலக் கறுத்தது. ப்ளோரைடு என்ற தலைப்புக்கு எதிரே, மறுபடியும் சோதிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் அடிக்கத் தொடங்கினாள். கீழே மோட்டார் கிளம்பியது. விசிறி சோர்ந்தது. நான் அவள் சுண்டு விரலைப் பார்த்தேன். அது தானாகப் போகவில்லை. அறை மங்குவது தெரிந்தும் அவள் அந்த வரியை முதலிலிருந்து கடைசிவரை உதடு அசைய வாசித்தாள். அப்போதும் அவளால் மனம் மாறியிருக்க முடியும். கரட்டுக்கொட்டாய் ஒரு திரை தள்ளித்தான் இருந்தது. வாசித்து முடித்த பிறகுதான் கண்ட்ரோல் கே எஸ் அடித்தாள். நல்லவேளையோ கெட்டவேளையோ, அன்று கரண்ட் போகவில்லை.

அச்செடுத்த பக்கத்தோடு அவள், நான், செல்வியைத் தூக்கிக்கொண்டு மாதையன், மூன்று பேரும் வெயிலில் நடந்து அந்த அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி பக்கத்தை வாங்கிப் படித்தார். மாதையன் பாட்டிலை நீட்டினார்.

"இத சோதிச்சுப் பாருங்க சாமி. காத்தால சேந்துனது."

"அப்படி வாங்கக் கூடாதுங்க. எங்க ஆளு வந்து எடுக்கணும், சீல் வெக்கணும். ஆர்டர் போடறேன்." பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தார். "உண்மைய வந்து சொன்னீங்க, சந்தோஷம். ஆனா வெறுங்கட்டத்துக்கு யாரும் பைப் போட மாட்டாங்கம்மா. எண்ணு வேணும்."

ஆர்டர் போட்டார். சொன்ன சொல் தவறாத மனிதர்தான். ஆனால் ஆர்டர் மேஜை மேஜையாக ஏறி இறங்கி ஜீப்பாக மாறுவதற்குள் ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசி வந்துவிட்டது. அந்த வருடம் எங்கள் மாவட்டத்தில் அபூர்வமாக நல்ல மழை. ஏரிகள் நிரம்பி வழிந்து கோடி போயின. காரிமங்கலம் சந்தையில் காய்கறி மலிந்தது. மில்லில் அரைக்க வந்தவர்கள் முகமெல்லாம் ஈரமான சந்தோஷம். அந்த மழையில்தான் ஜீப் மேட்டுக்கொட்டாய்க்குப் போனது. கிணறு விளிம்பு வரை நிறைந்திருந்தது. வானத்திலிருந்து புதிதாக விழுந்த தண்ணீரை மேலாகச் சேந்தி, சீல் வைத்து, ஒழுங்காகக் கொண்டுபோனார்கள்.

திருத்தப் பட்டியல் எங்களிடமே அடிக்க வந்தது. மேட்டுக்கொட்டாய்த் தாளில் ப்ளோரைடு எல்லைக்குக் கீழே இருந்தது. கொஞ்சம்தான் கீழே. ஆனால் கீழே.

ஸ்டெல்லா அந்தத் தாளோடு மறுபடியும் அலுவலகத்துக்கு ஓடினாள். அது மழைத் தண்ணீர், சித்திரையில் வந்து எடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அதிகாரி சலிப்போடு சொன்னாராம்: "போன தடவ நீங்க அடிச்சது தப்புன்னீங்க. இந்தத் தடவ நாங்க அளந்ததே தப்புங்கறீங்க. நான் எத நம்பறது, சொல்லுங்க?" திரும்பி வந்து இதை அவள் எனக்குச் சொன்னபோது குரலில் அழுகை இல்லை. தன்னுடைய சொல்லுக்கு இனி அந்த மேஜையில் எடை இல்லை என்பதைப் புரிந்துகொண்ட குரல் அது.

அவள் உட்கார்ந்து மேட்டுக்கொட்டாயை அடித்தாள். நகல் எடுக்கவில்லை. தலைப்புகளைப் புதிதாக, எண்களை ஒவ்வோர் இலக்கமாக. என்னை வாசிக்கச் சொன்னாள், நான் வாசித்தேன். ஒரு தப்பும் இல்லை.

பிள்ளைகளே, இதிலிருந்து உங்களுக்கு ஒரு பாடம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாளாக நடந்துகொண்டிருக்கிறேன். நகல் எடுத்தால் முதலில் எண்களைக் காலி செய்யுங்கள், பிறகு பெயரை மாற்றுங்கள். இது பாடம், வைத்துக்கொள்ளுங்கள், உதவும். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்பதற்காக மூலத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். இதுவும் பாடம். ஆனால் என்னை நடக்கவைப்பது இவை இல்லை. அந்த மங்கிய அறையில், விசிறி சோர்ந்த அந்த ஒரு மூச்சில், ஸ்டெல்லா செய்தது சரியா? அன்று கரட்டுக்கொட்டாய் எண்ணைப் போட்டிருந்தால் அது பொய்தான். அந்தப் பொய்யின் வழியே அடுத்த கோடைக்குள் மேட்டுக்கொட்டாய்க்குத் தண்ணீர் போயிருக்கும். அவள் காலி வைத்தாள், அது உண்மை. உண்மையின் வழியே ஒரு ஜீப் மழையில் போனது. போடு என்று சொன்னவள் நான். போடாதவள் அவள். இத்தனை வருடத்தில் எத்தனையோ கோப்புகளில் எத்தனையோ கட்டங்கள் முன்னால் என் கை நின்றிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவள் செய்ததைத்தான் செய்தேன், ஒவ்வொரு தடவையும் அன்று நான் சொன்ன "போடு"தான் காதில் கேட்டது. உங்களுக்கும் ஒருநாள் அந்தக் கட்டம் வரும். அங்கே எந்த ஷார்ட்கட்டும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மேட்டுக்கொட்டாய்க்குக் குழாய் வந்தது. வேறு திட்டம், வேறு அதிகாரிகள், வெகு வருடம் கழித்து. எலும்பு அதுவரை காத்திருக்கவில்லை.

அந்தத் திருத்தப் பட்டியல் போன சில நாளில் மாதையன் மறுபடியும் மாடிக்கு வந்தார். இந்தத் தடவை தனியாக. ஜீப் வந்து தண்ணீர் எடுத்ததை ஊரே கூடிப் பார்த்ததாம். அந்தத் தாள் அடிக்க இங்கே வந்திருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். துண்டில் முடிந்து கொஞ்சம் அவரைக்காய் கொண்டுவந்திருந்தார். மழைக்குக் காய்த்தது. மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நின்றார்.

"எங்க ஊரு வந்துச்சுங்களாம்மா?"

"வந்துச்சுங்க" என்றாள் ஸ்டெல்லா.

"இந்தத் தடவ சரியா அடிச்சீங்களா?"

சார் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். குழாய் வராது என்பதைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் அதற்குத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவர் கேட்டது வேறு, அதற்குத்தான் பதில் வந்தது.

"சரியா அடிச்சேங்க. ரெண்டு பேரும் வாசிச்சுப் பார்த்தோம்."

"அது போதுங்கம்மா." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். படி வரை போனவர் திரும்பினார். "கொழாயில தண்ணி வந்ததும் சொல்லி அனுப்பறங்க. மூணு பேரும் வந்து ஒரு வாய் குடிச்சுட்டுப் போகணும்."

"வர்றோங்க" என்றாள் ஸ்டெல்லா.